கடைக்காரர் அண்ணன், திருடன் தம்பி: சாப்ளின் சகோதரர்களின் பசி நாடகம்

நம்மூர் கையேந்தி பவன் மாதிரி தெருவோரம் ஒரு கடை. உள்ளே மீசை வைத்த கடைக்காரர் அடுப்பில் ஏதோ வறுத்துக்கொண்டிருக்கிறார். வெளியே, கிழிந்த கோட்டும் தொளதொள பேன்ட்டுமாக ஒருவர் கல்லா மேல் முழங்கையை ஊன்றி நிற்கிறார். பையில் காலணா கிடையாது. முழங்கைக்குப் பக்கத்தில் ஒரு தட்டு நிறைய பலகாரம்.

கடைக்காரர் அடுப்புப் பக்கம் திரும்புகிறார். தட்டிலிருந்து ஒன்று காணாமல் போகிறது. அவர் சட்டென்று இந்தப் பக்கம் திரும்ப, வெளியே நிற்பவர் வானத்தைப் பார்க்கிறார். வாய் அசையவில்லை. மறுபடி அடுப்பு, மறுபடி ஒன்று. முழுசாக வாயில் போட்டுக்கொண்டு கன்னம் உப்பாமல் நிற்க முயற்சி. கடைக்காரருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. திரும்புகிற மாதிரி போக்குக் காட்டிவிட்டுச் சடாரென்று பார்க்கிறார். ம்ஹூம், அந்த முகத்தில் ஒரு பாவமும் தெரியாது. தட்டு மட்டும் காலியாகிக்கொண்டே வருகிறது.

சார்லி சாப்ளினின் 'எ டாக்ஸ் லைஃப்' படத்தில் வரும் காட்சி இது. 1918 ஏப்ரலில் வெளியானது. வசனம் இல்லை, பெரும்பாலும் கேமரா நகர்வதுகூட இல்லை. கடை, இரண்டு மனிதர்கள், ஒரு தட்டு, அவ்வளவுதான். நூறு வருஷம் தாண்டியும், மொபைலைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கிற இன்றைய பிள்ளைகள் இந்த இடத்தில் சிரிக்கிறார்கள்.

திருடுகிறவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் கடைக்காரர்?

அவர் சிட்னி சாப்ளின். சார்லியின் சொந்த அண்ணன். ஒரே தாய், வேறு தந்தை. சார்லியைவிட 4 வயது மூத்தவர். இந்தக் காட்சிக்கு இருபது வருஷத்துக்கு முன்னால் இந்த இருவரும் லண்டனில் நிஜமாகவே பட்டினி கிடந்தவர்கள். அது தெரிந்த பிறகு அந்தத் தட்டைப் பார்த்தால் சிரிப்பு நிற்காது. ஆனால் அதன் சுவை கொஞ்சம் மாறிவிடும்.

பாடகி அம்மா, சில்லறை பொறுக்கிய பிள்ளை

அம்மா ஹன்னா ஒரு மேடைப் பாடகி. லண்டனில் 'மியூசிக் ஹால்' என்று அழைக்கப்பட்ட அரங்குகளில் லில்லி ஹார்லி என்ற பெயரில் பாடியவர். சார்லியின் அப்பாவும் பாடகர்தான். அவர் குடும்பத்தைவிட்டுப் பிரிந்துபோனார். குடி அவரை 1901-ல், 38 வயதிலேயே கொண்டுபோய்விட்டது.

ஹன்னாவுக்குத் தொண்டை அடிக்கடி மக்கர் செய்யும். ஆல்டர்ஷாட் என்ற ஊரில் ஒரு ராத்திரி பாட்டின் நடுவே குரல் உடைந்துவிட, கூட்டம் கேலி செய்து கத்தியது. மேடையைவிட்டு இறங்கிய அம்மாவுக்குப் பதிலாக 5 வயது சார்லியை மேடையேற்றினார்கள். பொடியன் பாட ஆரம்பித்ததும் காசு மழை. பாதியில் பாட்டை நிறுத்திவிட்டான்! முதலில் காசைப் பொறுக்கிக்கொள்கிறேன், பிறகு பாடுகிறேன் என்று அறிவிப்பு வேறு. அரங்கமே அதிர்ந்தது. மேடை நிர்வாகி கைக்குட்டையோடு வந்து சில்லறை பொறுக்க உதவியபோது, இந்த ஆள் எடுத்துக்கொண்டு போய்விடுவாரோ என்று பையனுக்குச் சந்தேகம். அவர் பின்னாலேயே போய், பணம் அம்மா கைக்குச் சேர்ந்ததை உறுதி செய்துகொண்டுதான் மேடைக்குத் திரும்பியிருக்கிறான். கூட்டம் இதற்கு இன்னும் பலமாகச் சிரித்தது.

பையன் ஜோக் அடிக்கவில்லை. காசின் மேல் நிஜமாகவே கவலைப்பட்டான். 1964-ல் வெளியான சுயசரிதையில் சாப்ளின் எழுதியிருக்கும் இந்தச் சம்பவத்தில் கவனிக்கவேண்டிய இடம் அதுதான்.

ஹன்னாவுக்கு அதன்பின் மேடை இல்லை. துணி தைத்துப் பிழைத்தார். தவணை கட்ட முடியாமல் தையல் மெஷினும் போனது. 1896-ல் மூவரும் லாம்பெத் 'ஒர்க்ஹவுஸ்' வாசலில் நின்றார்கள். ஒர்க்ஹவுஸ் என்றால் போக்கிடமில்லாத ஏழைகளை அடைத்துவைத்துச் சோறு போடும் அரசு விடுதி. உள்ளே போனால் சொந்தத் துணியைக் கழற்றி ஒப்படைத்துவிட்டு அவர்கள் தரும் உடையைப் போட்டுக்கொள்ள வேண்டும். அம்மா ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம். பிறகு பிள்ளைகளை ஹான்வெல் என்ற ஊரிலிருந்த ஆதரவற்றோர் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். சார்லிக்கு அப்போது 7 வயது, சிட்னிக்கு 11.

9 பென்னியில் ஒரு நாள்

பிள்ளைகளைப் பார்க்காமல் இரண்டு மாதம் தாக்குப்பிடித்த ஹன்னா, ஒரு திட்டம் போட்டார். ஒர்க்ஹவுஸிலிருந்து நிரந்தரமாக வெளியேறுகிறோம் என்று எழுதிக் கொடுத்தால் அதிகாரிகள் தடுக்க முடியாது. பிள்ளைகளையும் வரவழைத்துத்தான் ஆகவேண்டும். அப்படியே எழுதிக் கொடுத்தார். மூன்று பேரும் தங்கள் பழைய துணியில், இஸ்திரிகூட இல்லாமல் கசங்கிய கோலத்தில் வெளியே வந்தார்கள்.

போக வீடு இல்லை. கென்னிங்டன் பூங்காவுக்குப் போனார்கள். சிட்னி கைக்குட்டையில் முடிந்துவைத்திருந்தது 9 பென்னி. ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி என்பதால் அது ஒரு ஷில்லிங்கூட இல்லை. அதில் அரை பவுண்டு கருப்புச் செர்ரிப்பழம் வாங்கி, பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து தின்றார்கள். சிட்னி பழைய செய்தித்தாளைக் கசக்கி நூல் சுற்றிப் பந்து பண்ண, கொஞ்ச நேரம் கேட்ச் விளையாட்டு. மதியம் ஒரு காபிக் கடையில் மிச்சக் காசுக்கு 2 பென்னிக்கு ஒரு டீ-கேக், 1 பென்னிக்குப் புகைபோட்ட மீன் ஒன்று, அரை பென்னி வீதம் இரண்டு கப் டீ. மூன்று பேரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். மறுபடி பூங்கா. பிள்ளைகள் விளையாட, அம்மா குரோஷா பின்னினார்.

சாயங்காலம் ஹன்னா எழுந்தார். மூவரும் நேராக ஒர்க்ஹவுஸுக்கே திரும்பி நடந்தார்கள். சரியாக டீ நேரத்துக்குப் போய்விடலாம் என்பது அவர் கணக்கு!

அதிகாரிகளுக்கு ஆத்திரம். மறுபடி மூவரின் துணியையும் ஆவியில் வேகவைத்துச் சுத்தம் செய்ய வேண்டும், மறுபடி எல்லாப் பதிவும் முதலிலிருந்து. இந்த நடைமுறையால் பிள்ளைகள் ஹான்வெல் திரும்பும்வரை லாம்பெத்திலேயே, அம்மா இருக்கும் கட்டடத்திலேயே, இன்னும் கொஞ்ச காலம் தங்க முடிந்தது.

கையில் காசில்லாத கலைஞர்கள் ஒரு வேளைச் சாப்பாட்டுக்காகப் போடும் திட்டம்தான் அந்தக்கால மௌனப் படக் காமெடிகளின் அரதப்பழசான கதை. ஹன்னா அன்று நடத்தியதும் அதேதான். சட்டத்தில் இருந்த ஒரு ஓட்டை, 9 பென்னி, மூன்று பேர்.

நாயும் மனிதனும் ஒரே வரிசையில்

இப்போது படத்துக்கு வருவோம். அரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான படம். வேலியோரம் காலி மனையில் தூங்கி எழும் சார்லி, வேலி இடைவெளி வழியாகக் கையைவிட்டு அந்தப் பக்கம் நிற்கும் தின்பண்டக்காரரிடம் கைவரிசை காட்டும்போது போலீஸ்காரர் பார்த்துவிடுகிறார். அவர் வேலிக்கு இந்தப் பக்கம் வந்தால் சார்லி அடியில் உருண்டு அந்தப் பக்கம். அவர் அந்தப் பக்கம் போனால் சார்லி இந்தப் பக்கம்.

அடுத்து வேலைவாய்ப்பு அலுவலகம். பெஞ்சில் முதலில் இடம் பிடிப்பவர் சார்லிதான். ஆனால் ஜன்னல் திறந்ததும் கூட்டம் முண்டியடிக்கிறது, சார்லி ஒரு ஜன்னலிலிருந்து இன்னொரு ஜன்னலுக்கு ஓடுகிறார், ஒவ்வொரு முறையும் ஒரு நொடி தாமதம். கடைசியில் வேலை தீர்ந்து ஜன்னல் மூடிவிடுகிறது. வெளியே வந்தால் தெருவில் நாய்ச் சண்டை. ஒரு சின்ன நாயைப் பல நாய்கள் சேர்ந்து குதறுகின்றன. உள்ளே நடந்ததும் வெளியே நடப்பதும் ஒன்றுதான் என்று எந்த எழுத்தட்டையும் போட்டு விளக்கவில்லை சாப்ளின். அடுத்தடுத்து வைத்துவிட்டார், அவ்வளவுதான்.

அந்தச் சின்ன நாயைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். அதன் பெயர் ஸ்க்ராப்ஸ். தட்டில் மிஞ்சி விழும் துணுக்குகளுக்கு ஆங்கிலத்தில் அப்படிப் பெயர். ஒரு பாட்டிலின் அடியில் கொஞ்சம் பால் கிடைக்கிறது, ஆனால் நாயின் வாய் உள்ளே போகாது. சார்லி நாயின் வாலைப் பாட்டிலுக்குள் முக்கி எடுத்து, அந்த வாலை அதற்கே நக்கக் கொடுக்கிறார்! பிறகுதான் சிட்னியின் கடை. சார்லி தட்டைக் கவனித்துக்கொள்ள, ஸ்க்ராப்ஸ் தன் பங்குக்குச் சாசேஜ் சரம் ஒன்றை இழுத்துக்கொள்கிறது.

அந்தக் கடைக் காட்சியை ஒரு முறை சார்லியை விட்டுவிட்டு சிட்னியை மட்டும் பார்த்துப் பாருங்கள். பலருக்கும் தம்பி மேலேயே கண் போய்விடுகிறது. அண்ணன் செய்வது அதைவிடக் கஷ்டமான வேலை. கடைக்காரர் ஒரு நொடி முன்னால் திரும்பினால் கையும் களவுமாகப் பிடிபட்டு ஆட்டம் முடிந்துவிடும். ஒரு நொடி தாமதித்தால் பதற்றமே இருக்காது. ஒவ்வொரு திரும்பலையும் சிட்னி அளந்து திரும்புகிறார். சந்தேகம் தட்டுத் தட்டாக ஏறுகிறது, ஆனால் ஆதாரம் கிடைக்காத எரிச்சல் முகத்தில். இருவரும் லண்டனில் ஃபிரெட் கார்னோவின் நகைச்சுவைக் குழுவில் தேறியவர்கள். 1906-ல் அங்கே சேர்ந்த சிட்னிதான் 1908-ல் தம்பிக்கும் அங்கே வாய்ப்பு வாங்கிக் கொடுத்தவர்.

வேறு நடிகர்கள் பசியை நடித்தால் தின்பதைக் காட்டுவார்கள். அவசரமாக அள்ளிப் போட்டுக்கொள்வார்கள், நாம் சிரிப்போம். சாப்ளின் காட்டுவது மெல்லுவதை நிறுத்துகிற முகத்தை. வயிறு காலியாக இருப்பதைவிட, யாரோ நம்மையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் அந்த மனிதரின் பெரிய தொல்லை. வேலியில் போலீஸ்காரர், அலுவலகத்தில் அதிகாரி, கடையில் முதலாளி என்று படம் முழுக்க யாராவது பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

ஹன்னா வீட்டிலும் இப்படி ஒரு பயம் இருந்தது. தந்தி கொடுக்கும் பையனாக சிட்னி வேலை பார்த்த காலத்தில் அவரிடம் நல்ல சூட் ஒன்றே ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டுக்கொள்வார். திங்கட்கிழமை சிட்னி சீருடையில் வேலைக்குக் கிளம்பியதும் அம்மா அந்த சூட்டை அடகுக் கடைக்குக் கொண்டுபோவார். 7 ஷில்லிங் கிடைக்கும். சனிக்கிழமை மீட்டுவிடுவார். ஒரு வருஷத்துக்கும் மேல் இதே சடங்கு. நைந்துபோன பிறகு ஒருநாள் கடைக்காரர் சூட்டைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். இனி 7 கிடையாது, 3 ஷில்லிங்தான் என்றுவிட்டார்.

கல்லாவுக்கு அந்தப் பக்கம் நின்று ஏற இறங்கப் பார்க்கும் கடைக்காரரின் முகம் சிட்னிக்கு எங்கிருந்து கிடைத்திருக்கும் என்று யாரும் சான்று கொடுக்க முடியாது. ஆனால் அந்த மாதிரி முகங்களை அந்தக் குடும்பம் நிறையவே பார்த்திருந்தது.

கண் சிமிட்டத் தெரியாத பாடகி

படத்தின் இரண்டாம் பகுதி 'கிரீன் லான்டர்ன்' என்ற மட்டமான நடன விடுதியில் நடக்கிறது. நாய்க்கு அனுமதி இல்லை என்பதால் ஸ்க்ராப்ஸை பேன்ட்டுக்குள் மறைத்துக்கொண்டு நுழைகிறார் சார்லி. பின்பக்க ஓட்டை வழியாக வால் மட்டும் ஆடிக்கொண்டிருக்கிறது.

அங்கே ஒரு பாடகி. எட்னா பர்வியன்ஸ் நடித்திருக்கிறார். அவர் பாடும் சோகப் பாட்டைக் கேட்டு விடுதியே கண்ணீர்விடுகிறது. மௌனப் படம் என்பதால் பாட்டு நமக்குக் கேட்பதில்லை. அழுகிறவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் அவர் நன்றாகப் பாடுகிறார் என்று தெரிந்துகொள்கிறோம். ஆனால் முதலாளிக்குப் பாட்டு முக்கியமல்ல, வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரித்து, கண் சிமிட்டி, குடிக்க வாங்கித்தரவைக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு அது வரவில்லை. சார்லியைப் பார்த்துக் கண் சிமிட்ட முயல்கிறார். கண்ணில் தூசி விழுந்துவிட்டதோ என்று சார்லி நினைத்துவிடுகிறார்! பின்னால் அந்தப் பெண்ணுக்கு வேலையும் போய்விடுகிறது.

குரல் இருந்தும் பிழைக்க முடியாத பாடகி. ஹன்னா சாப்ளினுக்கு நேர்ந்தது இதற்கு நேர் எதிர், குரல் போய் வேலை போனது. இரண்டிலும் மேடைக்கு வெளியே அந்தப் பெண்ணுக்கு ஒன்றுமே இல்லை என்பது மட்டும் பொது.

பிறகு கதை பர்ஸ் பக்கம் போகிறது. இரண்டு திருடர்கள் ஒரு பணக்காரக் குடிகாரரின் பர்ஸைப் பறித்து, சார்லி தூங்கும் அதே காலி மனையில் புதைக்கிறார்கள். ஸ்க்ராப்ஸ் மண்ணைத் தோண்டி வெளியே எடுத்துப் போடுகிறது. பட்டினி கிடப்பவன் கையில் திடீரென்று கட்டுக்கட்டாகப் பணம். சினிமாவில் மட்டும்தான் இப்படி நடக்கும் என்று தோன்றுகிறதா?

சாப்ளின் வீட்டில் நடந்திருக்கிறது. ஒர்க்ஹவுஸுக்குப் போவதற்கு முன்பு, ஹன்னா தலைவலியில் படுத்திருந்த ஒரு நாள். பள்ளி நேரம் போக மிச்ச நேரத்தில் செய்தித்தாள் விற்ற சிட்னி, மூச்சிரைக்க வீட்டுக்குள் ஓடிவந்து கட்டிலில் எறிந்தது ஒரு பர்ஸ். பஸ் மாடியில் இருக்கையில் கிடந்ததாம். திறந்தால் வெள்ளிக் காசும் செப்புக் காசும். உள்ளே இன்னொரு சின்னப் பையில் 7 தங்க 'சாவரின்' நாணயங்கள். நகைக் கடையில் நாம் சொல்லும் 'சவரன்' அந்த நாணயத்தின் பெயரேதான். பர்ஸில் முகவரி இல்லை. ஹன்னா பக்தியுள்ளவர், மனசாட்சி கொஞ்சம் உறுத்தியிருக்கிறது. ஆனால் ஒரு வாரத்துக்குள் மூவருக்கும் புதுத்துணி, சவுத்எண்ட் கடற்கரைக்குப் பயணம். சார்லி வாழ்க்கையில் முதல்முறையாகக் கடலைப் பார்த்தது அப்போதுதான்.

பர்ஸைக் கண்டெடுத்தவர் சிட்னி. படத்தில் கண்டெடுப்பது நாய். அதை நினைத்துத்தான் இதை எழுதினேன் என்று சாப்ளின் சொன்னதாகத் தெரியவில்லை, நாமும் அடித்துச் சொல்ல வேண்டாம்.

படத்தில் பர்ஸ் லேசில் நிலைப்பதில்லை. திருடர்கள் பிடுங்கிக்கொள்கிறார்கள். அதைத் திரும்ப எடுக்க சார்லி செய்யும் வித்தைக்காகவே படத்தைப் பார்க்கலாம். இரண்டு திருடர்களும் திரைச்சீலை ஓரமாக எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். சார்லி திரைக்குப் பின்னாலிருந்து ஒருவனை அடித்து மயங்கவைத்து, அவன் அக்குள் வழியாகத் தன் கைகளை நுழைத்துக்கொள்கிறார். முகம் மயங்கியவனுடையது, கைகள் சார்லியுடையவை. எதிரே இருப்பவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்தக் கைகள் சைகை காட்டிப் பேசுகின்றன, பணத்தைப் பிரிக்கின்றன, கிட்டே வா என்று கூப்பிடுகின்றன. கிட்டே வந்ததும் தலையில் ஒரே போடு. முகமே இல்லாமல் விரல்களை மட்டும் வைத்து ஒரு முழுக் காட்சி.

அண்ணன் பேசிய பேரம்

இந்தப் படம் வந்த நேரத்தில் நிஜ சாப்ளின் ஏழை அல்ல என்பதையும் சொல்லவேண்டும். 1917-ல் ஃபர்ஸ்ட் நேஷனல் நிறுவனத்தோடு 8 படங்களுக்கு 10 லட்சம் டாலருக்கும் மேல் ஒப்பந்தம். அப்போது அவருக்கு வயது 28. பேரம் பேசி அந்த ஒப்பந்தத்தை முடித்துக் கொடுத்தவர் வேறு யாரும் இல்லை, சிட்னிதான். தன் நடிப்பு வாய்ப்புகளை ஒதுக்கிவைத்துவிட்டு அவர் தம்பியின் கணக்கு வழக்கைக் கவனித்துக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் பணத்தில் ஹாலிவுட்டின் லா பிரேயா அவென்யூவில் சாப்ளின் சொந்த ஸ்டூடியோ கட்டினார். அங்கே எடுத்த முதல் படம் 'எ டாக்ஸ் லைஃப்'.

அதாவது, கோடீஸ்வரத் தம்பி தன் சொந்த ஸ்டூடியோவில், தன் மேனேஜரான அண்ணனிடமிருந்து பலகாரம் திருடுகிறார். சுற்றிலும் படக்குழு. தட்டில் இருப்பது போதாவிட்டால் இன்னொரு தட்டு வரும். வேண்டிய அளவு ரீடேக் எடுக்கலாம். இப்படிப்பட்ட நிலைமையிலும் அந்த முகத்தில் பயம் அசலாக இருக்கிறது என்பதுதான் ஆச்சரியம்.

ஹன்னா அப்போது இங்கிலாந்தில் மனநல மருத்துவ இல்லத்தில் இருந்தார். 1921-ல்தான் பிள்ளைகளால் அவரைக் கலிஃபோர்னியாவுக்கு அழைத்துவர முடிந்தது. 1928-ல் இறக்கும்வரை அங்கேதான் இருந்தார்.

படத்தின் கடைசித் துரத்தலில் அந்தக் கடை மறுபடி வருகிறது. பர்ஸோடு ஓடிவரும் சார்லி, பின்னால் துப்பாக்கியோடு திருடர்கள். ஒளிய இடமில்லாமல் சிட்னியின் கடைக்குள்ளேயே பாய்கிறார். இந்த முறை அண்ணனும் தம்பியும் கல்லாவுக்கு ஒரே பக்கம். இருவரும் குனிந்து பதுங்க, மேலே தட்டுகள் ஒவ்வொன்றாகத் தோட்டா பட்டுச் சிதறுகின்றன. தலையைத் தூக்கினால் ஒரு தட்டு காலி, மறுபடி குனிந்தால் இன்னொன்று காலி. பலகாரத்தை இழந்த கடைக்காரர் இப்போது பாத்திரத்தையும் இழந்துகொண்டிருக்கிறார், அதுவும் அதே வாடிக்கையாளரால்.

கடைசியில் ஒரு பண்ணை. உழுத நிலத்தில் சார்லி விதைக்கிறார். விரலால் ஒரு குழி, அதில் ஒரே ஒரு விதை. அடுத்த குழி, அடுத்த விதை. நிலமோ கண்ணுக்கெட்டிய தூரம்வரை! வீட்டுக்குள் எட்னாவும் அவரும் ஒரு தொட்டிலை ஆசையாக எட்டிப் பார்க்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பதை மட்டும் இங்கே சொல்லப்போவதில்லை.

இணையத்தில் இந்தப் படத்துக்குப் பல பிரதிகள் உலவுகின்றன. 1959-ல் சாப்ளின் இதையும் 'ஷோல்டர் ஆர்ம்ஸ்', 'தி பில்கிரிம்' ஆகிய படங்களையும் சேர்த்து, தானே இசையமைத்து 'தி சாப்ளின் ரெவ்யூ' என்று வெளியிட்டார். கிடைத்தால் அந்தப் பிரதியில் பாருங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் கூட உட்காரவைத்துக்கொள்ளலாம், படிக்கவேண்டிய எழுத்து அதிகம் இல்லை. பாட்டில் காட்சியைப் பார்த்துவிட்டு வீட்டு நாயின் வாலைப் பிடிக்கப் போனால் பொறுப்பு பெற்றோருடையது.